மே மாதம் ஒஸ்லோவில் – அம்மம்மா வீட்டுக் குழு

நிரோஷா (ரொறன்ரோ): சித்தி, முடிவு செய்துவிட்டோம். மே 12ஆம் திகதி ஒஸ்லோவுக்கு வருகிறோம். அம்மா, நான், பிள்ளைகள் இரண்டு பேர். 16ஆம் திகதி திரும்பும் விமானம் மலிவாக இருக்கிறது. ஒஸ்லோ பாஸ் என்று மியூசியத்துக்கும் பஸ், ரெயிலுக்கும் சேர்த்து ஒரே ரிக்கெற் இருக்கிறதாமே, 72 மணித்தியாலத்துக்கு எல்லாருக்கும் இப்போதே எடுத்து வைக்கவா?

சுதா சித்தி (ஒஸ்லோ): எடுக்காதே பிள்ளை, பொறு. விமானத்துக்கும் இன்னும் காசு கட்டாதே. வேலை முடிந்து வந்து விபரமாக எழுதுகிறேன்.

ராஜன் மாமா (லண்டன்): நிரோ, நானும் அந்தக் கிழமை லீவு எடுக்கிறேன். வைக்கிங் கப்பலைப் பார்க்க வேண்டும், எத்தனை வருட ஆசை.

ஆரணன் (சுதாவின் மகன், ஒஸ்லோ): மாமா, வைக்கிங் கப்பல்கள் இருக்கும் மியூசியத்தை 2022 செப்டெம்பரில் மூடிவிட்டார்கள். பெரிய கட்டடமாகக் கட்டி 2027இல் திறப்பதுதான் திட்டம். அங்கே இருக்கும் ஒசபேர்க் என்ற வைக்கிங் கப்பல் ஒன்பதாம் நூற்றாண்டு மரம், பழைய கட்டடத்தில் அப்படியே விட்டால் பழுதாகிவிடும் என்றுதான் இந்த வேலை.

ராஜன் மாமா: சரியான கவலையாக இருக்கிறது. வேறு கப்பல் ஏதும் உண்டா?

ஆரணன்: இருக்கிறது மாமா. அந்த மியூசியம் இருக்கும் பிக்டோய் தீபகற்பத்திலேயே ஃப்ராம். 1892இல் கட்டியது. நோர்வேயின் துருவப் பயணிகள் நான்சென் வட துருவத்துப் பனிக்கடலுக்கும், அமுன்ட்சென் தென் துருவப் பயணத்துக்கும் கொண்டுபோன கப்பல். அமுன்ட்சென் 1911 டிசம்பர் 14இல் தென் துருவத்தை அடைந்தார். கப்பலின் அடிப்பகுதியை உருண்டையாகச் செய்திருக்கிறார்கள். சுற்றிலும் கடல் உறைந்து இறுக்கும்போது நசுங்காமல், பனியே கப்பலை மேலே தூக்கிவிடும். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற கப்பல் இல்லை, மேல்தட்டில் ஏறி, கீழே இறங்கி, ஆட்கள் படுத்த அறைகளுக்குள்ளேயே போகலாம். நிரோ அக்காவின் பிள்ளைகளை வெளியே கொண்டுவருவதுதான் கஷ்டம்.

ஆரணன்: அதற்கு முன்னாலேயே கொன்-ரிக்கி. 1947இல் தோர் ஹையர்டால் பெருவில் இருந்து பொலினேசியாவுக்கு 101 நாள் மிதந்துபோன பல்சா மரத் தெப்பம். நகரத்தில் இருந்து 30ஆம் இலக்க பஸ் எடுத்தால் இரண்டுக்கும் போகலாம்.

நிரோஷா: இரண்டும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். மாமா சமாதானமா?

ராஜன் மாமா: ஓம், ஃப்ராம் போதும். அப்படியே நடுச்சாமத்துச் சூரியனையும் பார்த்துவிட்டு வரலாம்தானே?

ஆரணன்: அது ஒஸ்லோவில் இல்லை மாமா. அதற்கு ரொம்சோ, போடோ என்று வடக்கே போக வேண்டும். ஆனால் மே நடுப்பகுதியில் இங்கே இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். பிள்ளைகள் நித்திரைக்குப் போக மாட்டார்கள்.

பெரியம்மா (நிரோஷாவின் அம்மா): எனக்கு முழங்கால் வலி இருக்கிறது என்பதை எல்லாரும் மறந்துபோனீர்கள். மலை, படி என்று ஒன்றும் வேண்டாம். அங்கே கோயில் இருக்கிறதா சுதா?

சுதா சித்தி: இருக்கிறது அக்கா. அம்மெரூட்டில் சிவசுப்பிரமணியர் ஆலயம். நிலக்கீழ் ரெயிலில் போய் இறங்கலாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் கூட்டிக்கொண்டு போகிறேன், நம்முடைய ஆட்கள் எல்லாரையும் அங்கேயே காணலாம்.

சுதா சித்தி: நிரோ, இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். பாஸ் கதைக்கு வருகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பாஸ் எடுத்துவிட்டு, கட்டிய காசுக்குப் பார்க்க வேண்டும் என்று ஒரே நாளில் நாலைந்து மியூசியம் ஓடுகிறார்கள். பின்னேரம் கால் வீங்கி, பிள்ளைகள் அழுது, ஊரைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். இந்த ஊரில் மிக நல்லவை ரிக்கெற் இல்லாமலே திறந்து கிடக்கின்றன. காசு கட்டுவதற்கு இரண்டு மூன்று இடம் போதும், அவற்றை ஒரே நாளில் வைத்து அந்த ஒரு நாளுக்கு மட்டும் 24 மணித்தியாலப் பாஸ் எடு. மற்ற நாட்களில் கையை வீசிக்கொண்டு நடக்கலாம்.

நிரோஷா: காசில்லாமல் என்னென்ன சித்தி? ஒஸ்லோ என்றாலே விலை என்றுதானே எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்.

சுதா சித்தி: சாப்பாட்டுக் கடையில் விலைதான், அதில் பொய் இல்லை. சாப்பாடு என் வீட்டில். தண்ணீரும் வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீரைப் போத்தலில் நிரப்பிக் குடிக்கலாம், அவ்வளவு நல்லது. விமான நிலையத்தில் இருந்து வரும்போதும் கடுகதி ரெயிலுக்கு ஓடாதே. சாதாரண ரெயிலும் ஒஸ்லோ எஸ் நிலையத்துக்கே வருகிறது, சில நிமிடம்தான் கூட, காசு எவ்வளவோ குறைவு.

சுதா சித்தி: முதல் நாள் ஓபரா வீடு. ரெயில் நிலையத்தில் இருந்து நடக்கிற தூரம். 2008இல் திறந்தார்கள். கூரை தண்ணீருக்குள் இருந்து எழும்பி மேலே போகிற மாதிரி வெள்ளை மாபிள் சரிவு, இத்தாலியில் இருந்து கொண்டுவந்த கராரா மாபிள். யாரும் கேட்க மாட்டார்கள், நேரே கூரைமேல் ஏறி நடக்கலாம். அங்கே நின்றால் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் ஊர் முழுக்கத் தெரியும். ஓபரா என்பது வசதியானவர்களின் இடம் என்று நான் நினைத்திருந்தேன், இங்கே சின்னப் பிள்ளைகள் அதன் தலையில் இருந்து பாண் சாப்பிடுகிறார்கள். எனக்கு இந்த ஊரில் பிடித்த முதல் விஷயம் அதுதான். அக்கா, நீங்கள் மேலே ஏற வேண்டாம், கீழே தண்ணீர் ஓரத்தில் இருக்கலாம். மழை பெய்தால் யாருமே ஏற வேண்டாம், மாபிள் வழுக்கும்.

ஆரணன்: அம்மா, டைக்மனைச் சொல்லுங்கள்.

சுதா சித்தி: நீயே சொல்லு, நீதானே அங்கே குடியிருக்கிறாய்.

ஆரணன்: ஓபராவுக்கு எதிரே டைக்மன் நூலகம், 2020இல் திறந்தது. புத்தகம் மட்டும் இல்லை, தையல் மெஷின், முப்பரிமாண அச்சு இயந்திரம் எல்லாம் இருக்கும், யாரும் பாவிக்கலாம். மேல் மாடியில் சின்ன அறை ஒன்று இருக்கிறது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுவர் முழுக்க மரம், அடுக்கடுக்காக, ஒரு அடுக்குக்கு ஒரு வருடம் என்று நூறு அடுக்கு. அது எதற்கென்றால், 2014இல் நூர்ட்மார்க்கா காட்டில் ஆயிரம் மரக்கன்று நட்டார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு எழுத்தாளர் ஒரு படைப்பை எழுதிக் கொடுப்பார். அதை யாரும் வாசிக்க முடியாது. 2114இல் அந்த மரங்களை வெட்டிக் கடதாசி செய்து, அதில்தான் நூறு படைப்பையும் அச்சடிப்பார்கள். முதலில் கொடுத்தவர் மார்கரெட் அட்வுட். பிறகு நோபல் பரிசு வாங்கிய ஹான் காங்கும் கொடுத்திருக்கிறார். அந்தப் படைப்புகளை வைக்கச் சுவரில் கண்ணாடி இழுப்பறை மாதிரிப் பதித்திருப்பார்கள், எழுதியவரின் பெயரை வாசிக்கலாம், அவ்வளவுதான்.

நிரோஷா: ஐயோ, எனக்கு இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என் சின்னவளின் பிள்ளைகள் வாசிப்பார்கள்!

ராஜன் மாமா: மூங்கின் 'அலறல்' ஓவியம் எங்கே? மூங்க் மியூசியத்தில் ஒன்று, தேசிய மியூசியத்தில் ஒன்று என்கிறார்கள். எது அசல்?

ஆரணன்: எல்லாமே அசல் மாமா, அவரே பல தடவை செய்திருக்கிறார். 1893இல் வரைந்த, எல்லாரும் படத்தில் பார்க்கும் ஓவியம் தேசிய மியூசியத்தில். 1994இல் லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கிய அன்று களவுபோய், சில மாதத்தில் திரும்பக் கிடைத்தது அதுதான். அதற்குக் கிட்டப் போய் இடது பக்க மேல் மூலையைப் பாருங்கள். சிவப்பு வானத்துக்குள் பென்சிலால் மிகச் சின்னதாக ஒரு வரி இருக்கும், 'பைத்தியக்காரன் ஒருவனால் மட்டுமே வரைந்திருக்க முடியும்' என்று. யாரோ பார்க்க வந்தவர் கிறுக்கியது என்று நீண்ட காலம் நினைத்தார்கள். 2021இல் ஆராய்ந்து, அது மூங்கின் கையெழுத்துத்தான் என்று மியூசியம் அறிவித்தது.

ஆரணன்: மூங்க் மியூசியம் ஓபராவுக்குப் பக்கத்தில், 13 மாடி. அங்கே அலறல் மூன்று வகையில் இருக்கிறது, வெளிச்சம் பட்டால் பழுதாகும் என்பதால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திறந்து மற்றவற்றை மூடி வைப்பார்கள். இரண்டு மியூசியத்தில் ஒன்றுக்குத்தான் போகலாம் என்றால், நான் தேசிய மியூசியத்தைத்தான் சொல்வேன். திங்கட்கிழமை பூட்டு, கவனம்.

நிரோஷா: அப்படியென்றால் பாஸ் நாள்: காலையில் ஃப்ராம், கொன்-ரிக்கி. பின்னேரம் தேசிய மியூசியம். சரியா சித்தி?

சுதா சித்தி: சரி. புதன்கிழமை வை. மற்றது வீகலாண்ட் பூங்கா. அது இரவு பகல் திறந்தே இருக்கும், ரிக்கெற் இல்லை. குஸ்தாவ் வீகலாண்டுக்கு நகரசபை வேலைக்கூடமும் வீடும் கட்டிக் கொடுத்தது, அவர் தன் படைப்புகளை நகரத்துக்கே கொடுத்துவிட்டார். இருநூறுக்கு மேல் சிலை. நடுவில் ஒரே கருங்கல்லில் செதுக்கிய தூண், 14 மீற்றர் உயரம், 121 மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறுகிறார்கள். கல் செதுக்க மட்டும் மூன்று பேருக்குப் பதினாலு வருடம் சென்றது. வீகலாண்ட் 1943இல் இறந்துபோனார், பூங்கா முழுதாக முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

பெரியம்மா: அந்தச் சிலைகளுக்கு உடுப்பில்லை என்று கேள்விப்பட்டேனே.

சுதா சித்தி: ஓம் அக்கா, ஒன்றுக்கும் இல்லை. ஆனால் பார்த்தால் உங்களுக்கு வெட்கம் வராது. தாய் பிள்ளையைத் தூக்குகிறாள், கிழவனைப் பேரன் பிடித்திருக்கிறான், கோபத்தில் காலை உதைத்து அழும் ஒரு சின்னப் பையன் பாலத்தில் நிற்கிறான். நாம் வளர்ந்த வீடு மாதிரித்தான் இருக்கும். தூணடிக்கு மட்டும் படி இருக்கிறது, பாலப் பக்கம் நிலம் சமம், இருக்க வாங்கு இருக்கிறது, முழங்காலுக்குப் பிரச்சினை இல்லை. எங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது அந்தத் தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார், வீட்டுக்கு வர மனமில்லாமல்.

பெரியம்மா: அம்மா எனக்கும் ரெலிபோனில் சொன்னவ. சரி, அங்கே போவோம்.

ராஜன் மாமா: நோபல் பரிசு கொடுக்கும் மண்டபம்?

சுதா சித்தி: நகர மண்டபம் தம்பி, துறைமுகத்தடியில், சிவப்புச் செங்கல்லில் இரண்டு கோபுரம். ஒவ்வொரு டிசம்பர் 10ஆம் திகதியும் சமாதானப் பரிசு அங்கேதான் கொடுக்கிறார்கள். அந்தப் பதக்கத்தை வடிவமைத்தவரும் வீகலாண்ட்தான். விழா எதுவும் இல்லாத நாளில் உள்ளே போய்ப் பார்க்கலாம், சுவர் முழுக்க ஓவியம். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் தீவுகளுக்குப் போகும் படகு, பஸ் ரிக்கெற்றே அதற்கும் செல்லும். ஹூவெடோயா தீவில் இறங்குங்கள். 1147இல் இங்கிலாந்தில் இருந்து வந்த துறவிகள் கட்டிய மடத்தின் இடிபாடு இருக்கிறது. உங்கள் லிங்கன்ஷயர் பக்கத்தில் இருந்து வந்தவர்கள் தம்பி.

நிரோஷா: சித்தி, இவ்வளவையும் 16க்குள் முடிக்கலாம்தானே? அன்று இரவே கிளம்புகிறோம்.

சுதா சித்தி: அதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்ல வந்தேன். 16ஆம் திகதி போகாதே நிரோ. நீ வருவதிலேயே பெரிய விஷயம் 17ஆம் திகதிதான். அதற்கு முதல் நாள் கிளம்புவது என்றால், திருவிழாவுக்கு வந்து தேருக்கு முதல் நாள் ஊருக்குத் திரும்புகிற மாதிரி.

நிரோஷா: 17இல் என்ன?

சுதா சித்தி: அரசியலமைப்பு நாள். 1814 மே 17இல் நோர்வேயின் அரசியலமைப்பில் கையெழுத்திட்டார்கள். இந்த ஊரில் அன்று பட்டாளம் அணிவகுத்துப் பிரதானமாக நிற்பதில்லை, பீரங்கி வண்டி இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிறார்கள், அதுதான் விழா. நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடம், ஒவ்வொன்றுக்கும் தன் பதாகை, தன் வாத்தியக் குழு. கார்ல் யோகான் தெருவால் ஏறி அரண்மனைக்கு முன்னால் போவார்கள். அரச குடும்பம் பல்கனியில் நின்று கடைசிப் பிள்ளை போகும்வரை கை அசைக்கும். 1870இல் தொடங்கியபோது ஆண்பிள்ளைகள் மட்டும், 1889இல்தான் பெண்பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

சுதா சித்தி: ஆரணன் ஏழாம் வகுப்பில் வாத்தியக் குழுவில் எக்காளம் ஊதினான். பனி முழுதாக உருக முதலே வீதியில் நடந்துகொண்டு வாசித்துப் பழகுவார்கள், விரல் விறைத்துப்போகும். அன்று அவன் வரிசைக்குப் பின்னால் பட்டுப் பாவாடையோடு இரண்டு பிள்ளைகள், பக்கத்தில் சோமாலியப் பிள்ளை, அடுத்தது புனாட் போட்ட நோர்வேப் பிள்ளை. புனாட் என்பது ஊர் ஊராக வேறுபடும் உடை, நெஞ்சில் வெள்ளிப் பதக்கம் தொங்கும், நடக்கும்போது சின்னச் சின்ன வெள்ளித் தகடுகள் சிணுங்கும். நான் இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ வருடம், இது என் ஊரும்தான் என்று முதல் தடவை நினைத்தது அந்தத் தெருவோரத்தில்தான்.

ஆரணன்: அன்று பிள்ளைகள் ஐஸ்கிறீம் எத்தனை கேட்டாலும் வாங்கிக் கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். நிரோ அக்கா, இப்போதே சொல்லிவிட்டேன்.

பெரியம்மா: நிரோ, விமானத்தை மாற்று. நான் 16இல் வர மாட்டேன்.

நிரோஷா: பார்க்கிறேன் அம்மா… 19ஆம் திகதி ஒரு விமானம் இருக்கிறது, கொஞ்சம் விலை கூட. பாஸ் காசில் மிச்சம் பிடித்ததை இதற்குப் போடலாம்.

சுதா சித்தி: போடு. ஊர்வலம் காலை பத்துக்குத் தொடங்கும், நாங்கள் எட்டரைக்கே போய் இடம் பிடிக்க வேண்டும். அக்காவுக்கு மடக்குக் கதிரை நான் கொண்டுவருகிறேன். மாமாவுக்கும் உனக்கும் குளிர் ஜக்கெற் கட்டாயம், மேயில் வெயில் அடித்தாலும் காற்றுக் குளிர்.

சுதா சித்தி: இன்னொன்று. 14ஆம் திகதி வியாழன் இங்கே அரசு விடுமுறை, 17 ஞாயிறு. இரண்டு நாளும் கடை பூட்டு, முதல் நாளும் கெதியாகப் பூட்டிவிடுவார்கள். பிள்ளைகள் குடிக்கும் பால் எது, அதை எனக்கு எழுதி அனுப்பு, புதன்கிழமையே வாங்கி வைக்கிறேன்.

நிரோஷா: ஓட்ஸ் பால் சித்தி, மூத்தவனுக்கு மாட்டுப்பால் ஒத்துவராது. விமானம் மாற்றிவிட்டேன், 19 காலை.

ராஜன் மாமா: நானும் 19. சின்னக்கா, எனக்குச் சோபா போதும்.

பெரியம்மா: நான் கொண்டுவரும் காஞ்சிபுரம் சேலையை 17க்குக் கட்டலாமா சுதா?

சுதா சித்தி: கட்டுங்கள் அக்கா, நானும் கட்டுகிறேன். கீழே சப்பாத்துப் போடுங்கள், செருப்பு வேண்டாம்.