ஃபியூசர் டெஃப்லான் அடிக்கடி கிழிகிறது: எதைப் பார்த்து வாங்குவது?

தாலுகா_ஜெராக்ஸ்:
வணக்கம். தாலுகா ஆபீஸ் எதிரில் கடை. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் நாள் முழுக்க கேனான் எல்பிபி 2900 லேசர் பிரிண்டரில்தான் ஓடுகிறது. சில மாதங்களாக ஃபியூசர் (டோனர் பவுடரைச் சூட்டில் பேப்பரோடு ஒட்டவைக்கும் பகுதி) டெஃப்லானை, அதாவது அதில் சுற்றும் மெல்லிய குழாயை, மாற்றுவதும் அது கிழிவதுமாகவே இருக்கிறது. கிழிவதற்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்தின் ஓரத்தில் எழுத்து சரியாக ஒட்டுவதில்லை, விரலால் தேய்த்தால் வந்துவிடுகிறது. "ஒரிஜினல்" என்றுதான் கொடுக்கிறார்கள். கவரைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பெயரும் இல்லை. நல்ல டெஃப்லானை எப்படிக் கண்டுபிடிப்பது? இல்லை, ஃபியூசர் அசெம்பிளியையே மாற்றிவிடலாமா?

சால்டரிங்_சாமி:
முதலில் கிழிந்த டெஃப்லானைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஓட்டையா, ஓரத்தில் கிழிசலா? பிரிண்டரில் என்னென்ன பேப்பர் போடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, ஃபியூசர் நன்றாக ஆறட்டும். 200 டிகிரி பக்கம் சூடேறுகிற இடம் அது.

தாலுகா_ஜெராக்ஸ்:
ஓரத்தில்தான் அண்ணா. விளிம்பு சுருங்கி, அங்கிருந்து கிழிந்திருக்கிறது. பேப்பர் பெரும்பாலும் ஏ4. காலையில் ஒரு சங்கத்துக்கு ரசீது அடிப்போம், அது ஏ5. நூறு இருநூறு என்று தொடர்ந்து ஓடும்.

சால்டரிங்_சாமி:
அப்படியானால் டெஃப்லானை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த மெஷினில் டெஃப்லான் குழாய்க்கு என்று தனி மோட்டார் கிடையாது. பேப்பரை அழுத்திப் பிடிக்கக் கீழே இருக்கும் ரப்பர் உருளை, அதாவது பிரஷர் ரோலர், சுற்றும்போது உரசலால் அதுவும் சேர்ந்து சுற்றும். உள்ளே பீங்கான் ஹீட்டர் அசையாமல் நிற்கும், குழாய் அதன் மேல் வழுக்கிக்கொண்டே போகும். ரோலர் ஒரு பக்கம் தேய்ந்தாலோ, இரண்டு பக்க ஸ்பிரிங்கும் ஒரே அழுத்தம் தராவிட்டாலோ குழாய் ஒரு பக்கமாக நகர்ந்து ஓர மூடியில் போய் முட்டும். விளிம்பு சுருங்குவது அதனால்தான். நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் ஸ்டேப்ளர் பின் மேலேயோ, ஜாம் ஆன பேப்பரைக் கத்தியால் கிளறியதிலேயோ சந்தேகப்பட்டிருப்பேன்.

ஏ5 விஷயம் முக்கியம். இதில் பேப்பர் நடுவில்தான் போகும். ஏ5-ஐ நீளவாக்கில் விட்டால் அகலம் 148 மி.மீ., ஏ4 என்றால் 210. இரண்டு ஓரத்திலும் 31 மி.மீ. அளவுக்குச் சூட்டை உறிஞ்சப் பேப்பரே இல்லை. ஆனால் ஹீட்டர் முழு நீளத்துக்கும் எரிகிறது. தொடர்ந்து ஓட்டினால் ஓரங்கள் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகும், ரோலரின் சிலிகான் ரப்பர் அங்கே கெட்டிப்படும், சுருங்கும். பிறகு ஏ4 போட்டால் ஓரத்தில் அழுத்தம் போதாது, டோனர் ஒட்டாது. நீங்கள் சொன்ன அடையாளம் அப்படியே பொருந்துகிறது.

ரோலரை வெளியே எடுத்து நடுவிலும் ஓரத்திலும் விரலால் அழுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் டெஃப்லானோடு ரோலரையும் சேர்த்து மாற்றுங்கள். ரோலரின் இரு முனையில் தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷும் விலை குறைவுதான், அதையும் போட்டுவிடுங்கள்.

கிரீஸ் என்ன போட்டார்கள் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். சூடு தாங்கும் ஃப்ளோரின் வகை கிரீஸ் தனியாக விற்கிறது. ஹீட்டருக்கும் குழாய்க்கும் நடுவில் அதுதான் இருக்க வேண்டும். கியருக்குப் போடும் சாதாரண கிரீஸ் இந்தச் சூட்டில் புகைந்து காய்ந்துவிடும், பிறகு குழாய் இழுபட்டு இழுபட்டுத்தான் சுற்றும்.

ரிச்சி_தெரு_வாசி:
கேள்வியே வாங்குவதைப் பற்றித்தானே, அதற்கு வருகிறேன். எச்பி 1010, 1018, 1020-க்கு வரும் டெஃப்லான்தான் 2900-க்கும். அதனால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பல தரத்தில் கிடைக்கும். கடையில் கழிந்த பழைய மெஷின் ஏதாவது இருந்தால் அதன் டெஃப்லானைக் கையோடு கொண்டு போங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: மேல் பூச்சு சீராக இருக்க வேண்டும், கோடோ புள்ளியோ தெரியக் கூடாது. விளிம்பு வெட்டு நேராக, பிசிறில்லாமல் இருக்க வேண்டும். லேசாக அமுக்கிவிட்டால் மடிப்பு விழாமல் பழைய வட்டத்துக்குத் திரும்ப வேண்டும். மடித்துத் தட்டையாக்கிய கவரில் வந்ததைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பழைய மெஷினில் கழற்றிய கம்பெனி பாகத்தைச் சிலர் "ஒரிஜினல்" என்று விற்பார்கள். பொய் இல்லைதான், ஆனால் எத்தனை ஆயிரம் பக்கம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. ஹீட்டர் என்றால் கழற்றியதை வாங்கலாம், டெஃப்லானையும் ரோலரையும் அப்படி வாங்குவது என்னைப் பொறுத்தவரை வீண் செலவு.

முழு அசெம்பிளி வாங்குவதாக இருந்தால் வோல்டேஜைப் பாருங்கள். வெளிநாட்டுக் கழிவாக வரும் 110 வோல்ட் அசெம்பிளி பார்க்க அச்சு அசல் இதே மாதிரி இருக்கும். நம் 230 வோல்ட் லைனில் போட்டால் ஹீட்டர் போய்விடும். லேபிள் கிழிந்திருந்தால் மீட்டர் வைத்து ஹீட்டரின் ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். ஒரே வாட் என்றால் நம் 230 வோல்ட் ஹீட்டர் 110 வோல்ட்டைவிடச் சுமார் நான்கு மடங்கு காட்டும்.

ரீஃபில்_ராணி:
நடுவில் ஒரு வார்த்தை. புதிதாகப் போட்ட பிறகும் கறை வந்தால் உடனே ஃபியூசரைக் கழற்றாதீர்கள். பேப்பர் பாதி உள்ளே போனதும் மேல் மூடியைத் திறந்து, டோனர் கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டுப் பேப்பரை உருவுங்கள். இன்னும் ஃபியூசருக்குப் போகாத பகுதியிலேயே கறை இருந்தால் கார்ட்ரிட்ஜ்தான் காரணம். சுமார் 75 மி.மீ. இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் டிரம், அதாவது கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் உருளை. அந்தப் பகுதி சுத்தமாக இருந்து, வெளியே வந்த பகுதியில் மட்டும் கறை என்றால் ஃபியூசர். விலை மலிவான ரீஃபில் பவுடர் சிலது இந்தச் சூட்டில் சரியாக உருகாது, ஒட்டாத பிரச்சினை அதனாலும் வரும்.

தாலுகா_ஜெராக்ஸ்:
ரோலரை எடுத்துப் பார்த்தோம். நடுவில் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, இரண்டு ஓரமும் கல். டெஃப்லான், ரோலர், புஷ் மூன்றும் மாற்றி, பழைய கிரீஸைத் துடைத்துப் புதிய கிரீஸ் போட்டாயிற்று. ஓரத்து எழுத்து இப்போது தேய்த்தாலும் வரவில்லை. ரசீதை மட்டும் என்ன செய்வது? அதை நிறுத்த முடியாது.

சால்டரிங்_சாமி:
நிறுத்த வேண்டாம் தம்பி. ஒரு ஏ4-ல் இரண்டு ரசீது வருகிற மாதிரி அமைத்து அடித்துவிட்டு, கட்டரில் வெட்டிக் கொடுங்கள். ஏ5-லேயே வேண்டும் என்று கேட்டால் இருபது இருபதாக விட்டு, நடுவில் கொஞ்சம் ஆறவிடுங்கள். பழைய ரோலரைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த முறை வாங்கும்போது நீளமும் தண்டின் கனமும் ஒப்பிட அது உதவும்.