ஜிபியு (கிராபிக்ஸ் கார்ட்) ஓவர்க்ளொக் பண்ணி வேகத்தைக் கூட்டியும் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேம் ஸ்லோவாத்தான் ஓடுது, ஏன்?

உவர்மலைப் பெடியன்:
வணக்கம் அண்ணாமார், நான் திருகோணமலை. என்னட்ட இருக்கிறது ஐ5 3470 சிபியு, 8 ஜிபி ராம், போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு வாங்கிப் போட்டன். சின்னதில மணித்தியாலத்துக்குக் காசு குடுத்து கடையில இருந்து விளையாடின கேமெல்லாம் திரும்ப ஒருக்கா விளையாடோணும் எண்ட ஆசையிலதான் பிஎஸ்2 கேமைக் கம்ப்யூட்டர்ல ஓட்டுற பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர் போட்டது, டிஸ்க்கும் இன்னும் பத்திரமாக் கிடக்கு. கிரான் டூரிஸ்மோ 4 கார் ரேஸ் கேம்ல ரேஸ் தொடங்கி கார் எல்லாம் கூட்டமா முதல் வளைவுக்குப் போகேக்க ஸ்பீட் 80 வீதத்துக்கு விழுந்து சத்தமும் இழுத்து இழுத்து வருது. கார்ட் வேகத்தைக் கூட்டுற ஆஃப்டர்பர்னர் சொஃப்ட்வெயார்ல கோர் +120, மெமரி +300 மெகாஹேர்ட்ஸ் வச்சுப் பாத்தன், ஒரு வித்தியாசமும் இல்ல, சூடு மட்டும் 81 பாகை. இன்னும் கூட்டலாமா? சூடான கச்சான் காத்து அடிக்கிற நேரம், பயமாவும் கிடக்கு.

பழைய டிஸ்க்:
தம்பி, கூட்டாதீங்க. முதல்ல எதுக்கு மூச்சு வாங்குது எண்டு பாருங்க. பிசிஎஸ்எக்ஸ்2ல ஓஎஸ்டி (ஸ்கிரீன்ல விவரம் காட்டுற) செட்டிங்ல சிபியு, ஜிபியு யூசேஜ் ரெண்டையும் ஒன் பண்ணினா ஸ்கிரீன் மூலையில ஈஈ (எமோஷன் எஞ்சின், பிஎஸ்2ட பிரதான சிப்), ஜிஎஸ் (படம் வரையிற சிப்), வியு (கணக்குப் போடுற பகுதி) எண்டு தனித்தனியாக் காட்டும். ஈஈ 100க்குக் கிட்ட நிண்டு ஜிபியு பாதிகூட வராட்டி நீங்க கார்டை எவ்வளவு ஏத்தியும் பிரயோசனமில்ல, ஏனெண்டா பிஎஸ்2ட எமோஷன் எஞ்சின், அந்த 294 மெகாஹேர்ட்ஸ் சிப், அதுக்கு எழுதின கட்டளைகளை மொழிமாத்தி ஓட்டுறது முழுக்க உங்கட சிபியுதான், அதுவும் பெரும்பாரம் ஒரு கோர்ல. 3470 2012ல வந்தது, இந்த மொழிமாத்துற வேலைக்கு உதவுற ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் அதில இல்ல, ஓவர்க்ளொக் பண்ண விடுற கே மாடல் மாதிரி ஏத்தவும் ஏலாது.
எம்டிவியு எண்ட செட்டிங் ஒன்ல இருக்கோ பாருங்க, ரெண்டு வியுல ஒண்டான வியு1ட வேலையை அது வேற த்ரெட்டுக்குக் குடுக்கும். ஈஈ சைக்கிள் ரேட் (ஈஈ எவ்வளவு வேகமா ஓடோணும் எண்ட வீதம்) 130, 180 எண்டு கூட்டி வச்சிருந்தா உடன 100க்குக் கொண்டு வாங்க. கன பேர் பிழைக்கிறது இதிலதான். அது உங்கட பிசிக்கு ஓவர்க்ளொக் இல்ல, பிஎஸ்2க்கு, அதால உங்கட சிபியுக்கு வேலை இன்னும் கூடும்.

கடற்கரைக் காத்து:
அண்ணன் சொன்னது சரி, ஆனா ஜிபியு சும்மா இருக்குது எண்டும் நினைக்க வேணாம் தம்பி. பிஎஸ்2ட ஜிஎஸ் சிப்புக்குள்ள வெறும் 4 எம்பி மெமரிதான், ஆனா செக்கனுக்கு 48 ஜிபி வேகம், அதை நம்பித்தான் புகை, தூசி, வெளிச்சம் எல்லாத்தையும் ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி வரைஞ்சவங்கள். 1050 டிஐட மெமரிக்கு செக்கனுக்கு 112 ஜிபிதான். நீங்க 6 மடங்கு ரெசல்யூஷன் வச்சா பிக்சல் 36 மடங்கு, புகை வாற இடத்தில கார்ட் கட்டாயம் திணறும். அந்த இடத்தில மெமரி வேகத்தைக் கூட்டினாக் கொஞ்சம் உதவும், ஆனா 3 மடங்குக்கு இறக்கினா அதைவிட நல்லது, 1080 மொனிட்டருக்கு அது காணும்.
சூட்டுக்கு, கார்டைக் கழட்டி ஃபேன் தூசியைத் தட்டுங்க. நாங்க கடலுக்குப் பக்கத்தில இருக்கிற ஆக்கள், தூசியோட உப்பும் ஈரமும் சேந்து ஹீட்சிங்க்ல களி மாதிரி ஒட்டும், பழைய கார்ட் எண்டா தெர்மல் பேஸ்ட்டும் காஞ்சிருக்கும். இந்த வகைக் கார்ட் சூடாகச் சூடாகத் தானாவே க்ளொக்கைக் குறைக்கும், அப்ப நீங்க கூட்டின +120ல பாதி எங்க நிக்கும்?

உவர்மலைப் பெடியன்:
ரெண்டு அண்ணாமாருக்கும் பெரிய நன்றி. பாத்தன், ஈஈ 98, ஜிபியு 37. ஏதோ வீடியோ ஒண்டைப் பாத்து சைக்கிள் ரேட் 130 வச்சது நான்தான், எம்டிவியுவும் ஓஃப்ல கிடந்தது. ரெண்டையும் மாத்தி, ஆஃப்டர்பர்னர் எல்லாத்தையும் சைபருக்குக் கொண்டு வந்து, பேஸ்ட்டும் புதுசாப் பூசினன். இப்ப 69 பாகை, முதல் வளைவில 97க்குக் கீழ இறங்கேல்ல. மழையில ஓடுற ஒரு ட்ராக்ல மட்டும் இன்னும் 90 காட்டுது, அதுக்கு ஈஈ ரேட்டை 75க்கு இறக்கிப் பாக்கலாமா?

பழைய டிஸ்க்:
பாக்கலாம் தம்பி, ஆனா அந்தக் கேமுக்கு மட்டும் எண்டு கேம் ப்ரொப்பர்ட்டீஸ்ல வைங்க, பொதுவில வேணாம். 75ல ஸ்பீட் மீட்டர் 100 காட்டினாலும் கேம் தானா ஃப்ரேமை விடக்கூடும், அதால நம்பரை விட்டுட்டு ஸ்டியரிங் கைக்கு எப்பிடிக் கேக்குது எண்டு பாருங்க.