ஹேண்ட்ஓவர் தரப்பணியை இரண்டு அமைப்புகளுக்குப் பிரித்தது சரியா?

கம்பியிலான்:
ஒருவகைக் கம்பியில்லா வலையமைப்பிலிருந்து வேறுவகைக்கு மாறும் ஹேண்ட்ஓவருக்கான தரத்தை, வைஃபை போன்றவற்றுக்குத் தரம் வகுக்கும் ஐ.இ.இ.இ. அமைப்பின் 802.21 குழுவும் இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பின் மிப்ஷாப் குழுவும் பங்கிட்டுக்கொண்டதைத் தவறென்றே கருதுகிறேன். இணைப்பு அறுபடப்போகிறது என்ற முன்னறிவிப்பு, மாறச் சொல்லும் கட்டளை, அக்கம்பக்கத்து வலையமைப்புகளைப் பற்றிய தகவல் ஆகியவற்றை முதல் குழு வரையறுத்தது. அச்செய்திகளை இணையத்தின் அடிப்படை நெறிமுறையான ஐபி வழியே கொண்டுசேர்க்கும் வேலை இரண்டாம் குழுவுக்குப் போனது. 802.21 தரம் 2009 ஜனவரியில் வெளிவந்தது. செய்திப் போக்குவரத்துக்கான ஐ.இ.டி.எஃப். ஆவணமான ஆர்.எஃப்.சி. 5677 அவ்வாண்டு டிசம்பரில்தான் வந்தது. பேசிக்கொண்டே மாடிப்படி இறங்குபவருக்கு வைஃபை மங்கத் தொடங்கும் நொடி முதல் மறுமுனைக் குரல் திரும்பக் கேட்கும் வரையிலான மொத்தத் தாமதத்துக்கு எந்தக் குழு பொறுப்பேற்றது?

அடுக்குநேயன்:
கேள்வி நியாயமானது, ஆனால் யாரும் பொறுப்பேற்காததற்குப் பிரித்ததுதான் காரணம் என்பதை ஏற்க மாட்டேன். சமிக்ஞை எப்போது மங்குகிறது என்பது ரேடியோ தொடர்பைக் கையாளும் இணைப்பு அடுக்கைக் கட்டியவர்களுக்குத் தெரியும். அனுப்பிய செய்தி வழியில் தொலைந்தால் எப்போது மறுபடி அனுப்புவது, நெரிசலில் எப்படி வேகத்தைக் குறைப்பது என்பவை ஐ.இ.டி.எஃப். பல ஆண்டுகள் உழைத்துக் கற்றவை. ஆர்.எஃப்.சி. 5677, இணைப்பு ஏற்படுத்தாமல் உடனே அனுப்பும் யூடிபியைக் கட்டாயமாக்கி, இணைப்பு ஏற்படுத்தி உறுதியாகக் கொண்டுசேர்க்கும் டிசிபியை விருப்பத்துக்கு விட்டதைப் பாருங்கள்: முன்னறிவிப்பு சிறியது, அவசரமானது, அண்டை வலையமைப்புத் தகவலோ பெரிதாக வரக்கூடியது. இந்த முடிவை ரேடியோ குழுவிடம் விட்டிருக்கக் கூடாது.

கம்பியிலான்:
போக்குவரத்தில் நீங்கள் சொல்வது சரி. என் கவலை அங்கீகாரம் பற்றியது. நான் ஒரு சோதனையில் பார்த்தேன்: முன்னறிவிப்பு நேரத்துக்கு வந்துவிட்டது, புதிய வலையமைப்பும் தயாராக இருந்தது, ஆனால் பயனர் யார் என்று சரிபார்க்கும் முழு ஈஏபி அங்கீகாரம் சொந்த வலையமைப்பின் சேவையகத்துக்குப் பலமுறை போய்த் திரும்பிய நேரம் முழுவதும் குரல் நின்றுபோனது. அதை ஒரே சுற்றில் முடிக்கும் ஈஆர்பி நெறிமுறையை (ஆர்.எஃப்.சி. 5296, 2008) ஐ.இ.டி.எஃப்.-இல் ஹோக்கி என்ற மூன்றாவது குழு எழுதியது. விரைவாக மாறுவதற்கான 802.11ஆர் தரம் வைஃபைக்குள், அதுவும் சேர்ந்து இயங்கும் அணுகுமுனைகளின் ஒரே நகர்வு எல்லைக்குள்தான் உதவும். 802.21 செய்திகளுக்கான பாதுகாப்பு நீட்சியான 802.21ஏ வருவதற்கே 2012 ஆனது. பயனர் அனுபவிப்பது ஒரே இடைவெளி. அதைச் செதுக்கும் கைகளோ ஒன்றையொன்று பார்க்கவில்லை.

அடுக்குநேயன்:
பாதுகாப்பைத் தள்ளிப்போட்டது பெரிய பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே அமைப்பிடம் கொடுத்தால் என்ன ஆகும்? கைபேசி வலையமைப்புகளுக்குத் தரம் வகுக்கும் 3ஜிபிபி தன் தரத்தொகுப்பின் வெளியீடு 8-இல், எந்த வலையமைப்பைத் தேர்வது என்று கைபேசிக்குச் சொல்லும் ஏஎன்டிஎஸ்எஃப் ஏற்பாட்டை 802.21-ஐ நம்பாமல் தானே வகுத்துக்கொண்டது. அவர்கள் ஏற்பாடு அவர்களுடைய உலகத்துக்குப் பொருத்தமானது; மற்றவர்களுக்கு அதில் இடம் குறைவு.

கம்பியிலான்:
ஒரே அமைப்பு வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. கண்டறிதல், அங்கீகாரம், முகவரி பெறுதல், பாதையைத் திருப்புதல் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிநொடி என்று குழுக்கள் சேர்ந்து முதலில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கில்லாமல் பங்கு பிரித்ததைத்தான் தவறு என்கிறேன்.

அடுக்குநேயன்:
அந்தக் கணக்கை முன்வைத்தால் நான் ஆதரிப்பேன். அதில் அங்கீகாரத்துக்கான பங்கை ஹோக்கி குழுவில் இருந்தவர்களே எழுத வேண்டும்.