கிங் லியர் கட்டுரை: ஆஸ்வால்டை என்ன செய்வது?

ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தில் வரும் கென்ட் (லியர் மன்னனின் பிரபு), ஆஸ்வால்ட் (மன்னனின் மூத்த மகள் கானரிலின் பணியாள்) இருவரையும் ஒப்பிட்டு எம்.ஏ. கட்டுரை எழுதுகிறேன். ‘ஒருவன் விசுவாசி, மற்றவன் கயவன்’ என்று முடித்த வரைவை வழிகாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி தர வேண்டும்.

நாடுகடத்தப்பட்ட கென்ட் மாறுவேடத்தில் வந்து லியருக்கே ஊழியம் செய்கிறான், அது புரிகிறது. ஆனால் ஆஸ்வால்டும் கானரிலுக்கு இரண்டகம் செய்யவில்லையே! கானரில் தன் காதலன் எட்மண்டுக்கு எழுதிய கடிதத்தைப் பிரித்துப் பார்க்க அவள் தங்கை ரீகன் கேட்டும் அவன் மசிவதில்லை. கிளாஸ்டர் பிரபுவின் மகன் எட்கரிடம் அடிபட்டுச் சாகும்போதும், ‘என் பணப்பையை எடுத்துக்கொள், கடிதங்களை எட்மண்டிடம் சேர்த்துவிடு’ என்றுதான் கெஞ்சுகிறான்.

இதுவரை பார்த்தவை: இரண்டாம் அங்கத்தில் கென்ட் அவன்மீது பொழியும் வசைகள் (பாதிக்கு மேல் பிரபுவின் சாதித் திமிர் என்றே எனக்குப் படுகிறது). கிளாஸ்டரின் கண்ணைப் பிடுங்கும்போது, சிறுவயது முதல் சேவித்த கார்ன்வாலையே (ரீகனின் கணவன்) வாளுருவித் தடுக்கும் வேலையாள். 1608 பதிப்பில் கிளாஸ்டரின் காயத்துக்கு முட்டை வெள்ளைக்கரு தேடிப் போகும் இரு பணியாளர்களும் 1623 பதிப்பில் இல்லை என்பதையும் குறித்துவிட்டேன். ‘எதிர்த்து நிற்பதும் ஊழியமே’ என்ற வாதம் கென்டுக்குப் பொருந்துகிறது. ஆஸ்வால்டின் சாவில்தான் இடிக்கிறது.

அந்தக் கடைசிக் கெஞ்சலை உண்மையான விசுவாசம் என்று எழுதினால், நாடகத்தின் எந்த வரியைச் சான்றாகக் காட்டலாம்?