கை கழுவச் சொல்ல மூன்று வருடப் படிப்பா?

கணக்குப்புலி:
பக்கத்து இழையில் ஒருவர் எழுதியதைப் பார்த்து வயிறெரிந்து போனேன். சமூகத்துக்கும் இளைஞர்களுக்குமான சுகாதார மேம்பாடு என்று பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டப்படிப்பாம். "காலராவை விரட்டியதே எங்கள் துறைதான்" என்கிறார். 1854இல் லண்டன் பிராட் தெருவில் அடிபம்புத் தண்ணீரால்தான் நோய் பரவுகிறது என்று கண்டு, அதன் கைப்பிடியைக் கழற்ற வைத்து காலராவை நிறுத்தியவர் ஜான் ஸ்னோ. அவர் மருத்துவர். போஸ்டர் ஒட்டும் பட்டதாரி இல்லை.

நீலாம்பல்:
அந்தப் படிப்பை முடித்தவள் நான். கைப்பிடி காலராவை நிறுத்தவில்லை. செப்டம்பர் 8ஆம் தேதி கழற்றியபோதே நோய் இறங்குமுகம். தெருவில் பெரும்பாலோர் ஊரைவிட்டே ஓடியிருந்தார்கள். ஸ்னோவே அப்படித்தான் எழுதினார்.

கணக்குப்புலி:
அப்போ ஸ்னோ சும்மா ஊர் சுற்றினாரா?

சாம்பல்குருவி:
சண்டைக்கு முன்னால் ஒன்று. சுகாதார மேம்பாடு என்றால் என்ன? உலக சுகாதார நிறுவன மாநாட்டில் வந்த 1986 ஒட்டாவா சாசனம், மக்கள் தங்கள் உடல்நலத்தைத் தாங்களே கட்டுப்படுத்தவும் மேம்படுத்தவும் வழிசெய்வது என்கிறது. அதிலிருந்து பேசுவோமே?

கணக்குப்புலி:
சாசனம் கிடக்கட்டும். கைப்பிடியைக் கழற்றச் சொன்னது மருத்துவரா இல்லையா?

நீலாம்பல்:
சொன்னது மருத்துவர், கழற்ற முடிவெடுத்தது உள்ளூர் நிர்வாகக் குழு. முதல் நோயாளியான கைக்குழந்தையைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? ஹென்றி ஒயிட்ஹெட் என்ற பாதிரியார். முதலில் ஸ்னோவை நம்பாதவர். வீடு வீடாகப் போய், சனங்களை ஏற்கனவே தெரிந்திருந்ததால் பேச வைத்தார். நாங்கள் படிப்பது அதைத்தான்.

கணக்குப்புலி:
ஓ, இப்போது பாதிரியாரும் உங்கள் துறையா! நாளைக்கு அடிபம்பும் உங்கள் துறை என்பீர்கள்.

எட்டுக்கால்:
"சுகாதாரம்" வடசொல். "நலவாழ்வு" என்று எழுதினால் குறைந்தா போவீர்கள்?

நீலாம்பல்:
எட்டுக்கால் ஐயா, தடுப்பூசி இழையிலும் இதையே சொல்லிவிட்டுப் பாதியில் காணாமல் போனவர் நீங்கள்.

கணக்குப்புலிக்கு வருகிறேன். இரண்டாம் வருடம் களப்பயிற்சி, பதினைந்து வயதுப் பிள்ளைகள். புகைப்பிடித்துக் கறுத்த நுரையீரல் படத்தைத் திரையில் போட்டேன். கடைசி பெஞ்சுப் பையன் அதைப் படம் பிடித்துத் தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டான்! 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'டேர்' என்று போலீஸ்காரர்களை வகுப்புக்கு அனுப்பிப் போதைப்பொருள் பாடம் நடத்தினார்கள். ஆய்வுக்கு மேல் ஆய்வு செய்தும் சொல்லும்படி பலன் தெரியவில்லை. நல்ல எண்ணம் மட்டும் போதாது. எது வேலை செய்கிறது என்று அளக்கவும் படிக்க வேண்டும்.

அடுத்த வாரம் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" சுவரொட்டி. பெண்பிள்ளைகள் யாரும் குடிக்கவில்லை. கேட்டால் சிரிப்பு. மூன்றாம் நாள் ஒருத்தி என் நோட்டை வாங்கி, கழிப்பறைக் கதவை வரைந்து தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் போட்டாள். தாழ்ப்பாள் போட்டபின் காலிப் புட்டிகளைச் சுவரொட்டி இல்லாமலே நிரப்பினார்கள்.

கணக்குப்புலி:
கைப்பிடி முடிந்து தாழ்ப்பாளா! இது பட்டப்படிப்பா, தச்சுப் பட்டறையா? அதற்கு ஒரு ஆசாரி போதுமே.

நீலாம்பல்:
போடுவதற்கு ஆசாரி போதும். எங்கே போட வேண்டும் என்று அவரிடம் யார் சொல்வது? அந்தப் பிள்ளை மூன்று நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தாள். வாய்கூட இல்லை, பென்சில்.

சாம்பல்குருவி:
ஒட்டாவா சாசனத்தில் ஆதரவான சூழலை உருவாக்குவது என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. தாழ்ப்பாள் அதில்...

கணக்குப்புலி:
குருவி, குறுக்கே பறக்காதீர்கள். அம்மா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கைப்பிடியைக் கழற்றாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நீலாம்பல்:
மறுபடியும் பரவியிருக்கலாம். கழற்றியது தவறு என்று நான் எங்கே சொன்னேன்? கொள்ளைநோய் ஓய்ந்ததும் அதே கைப்பிடியைத் திரும்ப மாட்டியதையும் சேர்த்துப் படியுங்கள். தண்ணீரால் பரவுகிறது என்ற ஸ்னோவின் பேச்சை அதிகாரிகள் நம்பவில்லை. மருத்துவர் சொன்னால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கணக்குப்புலி:
ஆக, மருத்துவர்தான் சொன்னார். ஒத்துக்கொண்டதற்கு நன்றி.

நீலாம்பல்:
எதை ஒத்துக்கொண்டேன்? செப்டம்பர் 8. மேலே போய்ப் பாருங்கள்.

கணக்குப்புலி:
நீங்கள் கைப்பிடியைப் பாருங்கள்.

எட்டுக்கால்:
அடிபம்பா, அடிப்பம்பா? யாராவது முதலில் அதைச் சொல்லுங்கள்.