பெயர் சொல்லாமல் மின்னணு இசையும் காணொளியும் வெளியிடுவது எப்படி?

பனிமூட்டம் (கோத்தகிரி):
நாங்கள் நால்வர் இரண்டு ஆண்டுகளாக மின்னணு இசையும் அதற்கான காணொளியும் செய்து வருகிறோம். தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் தொட்டியின் முனையில் ஓடும் பெரிய மின்விசிறியின் ரீங்காரத்தைப் பதிந்து, அதையே சுருதியாக வைத்து ஏழு உருப்படிகளை முடித்திருக்கிறோம். பாதி ஊர் உறவுக்காரர்களாக இருக்கும் இடத்தில், 'இன்னார் பையன் போட்டது' என்ற பேச்சு கிளம்புவதற்கு முன்பே பாட்டு காதில் விழ வேண்டும் என்பதால், குழுப்பெயரில் மட்டும் வெளியிட நினைக்கிறோம். உரிமை யாருக்குச் சேரும்? ஓர் உருப்படியில், நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் கொள் (நாகசுரம் போன்ற ஊதுகருவி) இசையைக் கைப்பேசியில் நாங்களே பதிந்து சேர்த்திருக்கிறோம். அதில் சிக்கல் வருமா?

பழைய ஒலிநாடா (கொடைக்கானல்):
உறுப்பினர் பெயரைச் சொல்லாமலே இசை வெளியிட்ட, சான் பிரான்சிஸ்கோவின் 'ரெசிடென்ட்ஸ்' குழுவைப் பாருங்கள். 1979 முதல் கண்விழி வடிவ முகமூடியும் உயரத் தொப்பியும் அணிந்து வந்த அவர்கள், இசையோடு குறும்படங்களும் செய்தார்கள். வெளியுலகத்தோடு பேச 'கிரிப்டிக் கார்ப்பரேஷன்' என்ற தனி நிறுவனமே இருந்தது. அதன் பொறுப்பாளர்களில் ஒருவரான ஹார்டி ஃபாக்ஸ், முதன்மை இசையமைப்பாளர் தாமே என்று 2017-இல்தான் வெளிப்படுத்தினார். பெயரை மறைத்த இன்னொருவர், லண்டனின் மின்னணு இசைக் கலைஞர் 'பரியல்', அவ்வளவு காலம் தாங்கவில்லை. 2007-இல் வந்த அவருடைய தொகுப்பு பெரிதும் பேசப்பட, செய்தித்தாள்கள் தேடத் தொடங்கின. 2008-இல் அவரே தம் பெயரை வெளியிட்டுவிட்டார். பாட்டு ஓடாதவரை ரகசியம் காப்பது எளிது என்பது என் கணிப்பு.

தாள்கட்டு (குன்னூர்):
1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, பெயரின்றியோ புனைபெயரிலோ வெளியான இசைப் படைப்புக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. அதற்குள் ஆசிரியர் யார் என்று தெரிந்துவிட்டால், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்று கணக்கு மாறும். முகமூடி மேடைக்குத்தான், பணம் வரும் வங்கிக் கணக்குக்கும் பான் அட்டைக்கும் உண்மைப் பெயர் கொடுத்தே தீர வேண்டும். ஆகவே யாருக்கு எவ்வளவு பங்கு என்று நால்வரும் இப்போதே எழுதிக் கையெழுத்திடுங்கள், பாட்டு ஓடிய பிறகு எழுதினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

மலைக்கொம்பு (உதகை):
கொள் வாசித்தவருக்கு நிகழ்த்துநர் உரிமை (தாம் வாசித்ததைப் பதியவும் பயன்படுத்தவும் அனுமதி தரும் உரிமை) உண்டு, அது 50 ஆண்டுகள் நீடிக்கும். சட்டத்தை விடுங்கள், எந்த மெட்டைப் பதிந்தீர்கள்? கோத்தர்களிடம் சாமிக்கு, ஆட்டத்திற்கு, சாவுக்கு என்று மெட்டுகள் வேறு வேறு. சாவு மெட்டை மற்ற நேரங்களில் வாசிக்கவே தயங்குவார்கள். அதை ஆட்டத் தாளத்தின் மேல் ஒட்டி, வாசித்தவர் பெயரையும் சொல்லாமல் விட்டால், மறைந்து நிற்பது நீங்களாக இருக்காது, அவராகத்தான் இருக்கும். நீங்கள் பெயரை வேண்டாம் என்கிறீர்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பனிமூட்டம்:
அது ஒரு சாவு வீட்டில் பதிந்தது. எங்களில் ஒருவர் 'யாருக்குத் தெரியப் போகிறது' என்று சொல்லி, நேற்று இரவு பெரிய வாக்குவாதமாகிவிட்டது. அந்த உருப்படியை எடுத்துவிட்டோம். வாசித்தவரை ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்துச் சொல்லப் போகிறோம். அவர் வேண்டாம் என்றால் பதிவையும் அழித்துவிடுவோம். மீதி ஆறும் வெளிவரும். வங்கிக் கணக்கு யார் பெயரில் என்பதில்தான் இன்னும் இழுபறி.