டெய்லி ரொட்டீனை ஒப்பிக்கிறார்கள், ஆனால் பேச வரவில்லை. என்ன செய்யலாம்?

ஞாயிறு வகுப்பு, திருப்பூர்:

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒன்பது பெண்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். எல்லோரும் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். ஓவர்லாக் டெய்லர் இருக்கிறார், செக்கிங், பேக்கிங் இருக்கிறார்கள், ஒரு சின்னப் பெண் கைமடி, அதாவது டெய்லருக்குக் கூடமாட உதவுபவள். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, கிடைக்கும் ஒரே லீவு நாளில் இரண்டு மணி நேரத்தை என்னிடம் தருகிறார்கள். அதை வீணடித்துவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

ஒரு மாதமாக அன்றாட வேலைகளைப் பற்றிய பாடம். ‘ஐ கெட் அப் அட் ஃபைவ், ஐ பிரஷ் மை டீத்’ என்று பன்னிரண்டு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். செக்கிங் அக்கா ஒருவர் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டார். சந்தோஷமாகி, ‘ஹூ மேக்ஸ் டீ இன் யுவர் ஹவுஸ்?’ என்று கேட்டேன். நோட்டைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

அதே அக்கா டீ குடிக்கும் நேரத்தில், ராத்திரி இரண்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்ததையும், தான் மட்டும் எழுந்து குடம் குடமாகப் பிடித்ததையும் தமிழில் பத்து நிமிடம் சொன்னார். எல்லோரும் வாய் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். பேச்சு என்றால் அதுதானே! அதை இங்கிலீஷுக்குள் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை.

இன்னொன்று. எத்தனை முறை திருத்தினாலும் ‘டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ்’ என்றுதான் வருகிறது. ‘வில்’ வேண்டாம் என்றால், “தினமும் எழுந்திருப்பேன் டீச்சர், அதைத்தானே சொல்றேன்” என்கிறார்கள்.

பழைய வாத்தியார், மேலூர்:

அம்மா, அந்தப் பெண் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. வழக்கமாகச் செய்வதைத் தமிழில் எதிர்கால வடிவத்தில்தான் சொல்வோம். ‘காலையில் கோலம் போடுவேன்’ என்றால் அது நாளைய சங்கதி இல்லை. ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்பதும் அப்படித்தான். அந்தப் ‘போடுவேன்’தான் இங்கிலீஷில் ‘வில்’ ஆகி வந்து நிற்கிறது. அவர்களுக்குத் தமிழ் சரியாகத் தெரிவதால் வரும் தவறு இது. முதலில் அதை அவர்களிடம் சொல்லுங்கள், பாதிக் கூச்சம் போய்விடும்.

போர்டில் ‘தினமும் போடுவேன்’, ‘நாளைக்குப் போடுவேன்’ இரண்டையும் எழுதுங்கள். தமிழில் ஒரே சொல், இங்கிலீஷில் இரண்டு என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். நான் முப்பது வருடம் ரூல் சொல்லிப் பார்த்தவன். ரூல் பரீட்சைக்குத்தான் உதவியது.

அப்புறம், கேள்வி கேட்கப் பழக்கினீர்களா? தமிழில் கடைசியில் ஒரு ‘ஆ’ சேர்த்தால் கேள்வி. இங்கிலீஷில் ‘டூ’, ‘டிட்’ முன்னால் வர வேண்டும். அது வாயில் வராததால்தான் பதிலோடு நின்றுவிடுகிறார்கள். பதில் சொல்வதைவிட இரண்டு மடங்கு நேரம் கேட்க விடுங்கள்.

நைட் டியூட்டி:

நான் நாகர்கோவில் பக்கம். இப்போது இங்கிலாந்தில் நர்ஸ். இங்கே வந்து ஐந்து வருடத்தில் ‘வாட் டைம் டூ யூ கெட் அப்?’ என்று என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை அக்கா. திங்கட்கிழமை ‘ஹவ் வாஸ் யுவர் வீக்கெண்ட்?’, நைட் டியூட்டிக்குப் போனால் ‘டிட் யூ கெட் எனி ஸ்லீப்?’, இதுதான் கேட்பார்கள். எல்லாம் நேற்று நடந்தது, முந்தாநாள் நடந்தது. அதனால் ‘டெய்லி’யை ஓரமாக வைத்துவிட்டு ‘யெஸ்டர்டே’யில் ஆரம்பியுங்கள். உங்கள் தண்ணீர்க் கதையும் நேற்றைய கதைதானே.

முதல் வருடம் எதற்கும் ‘ஃபைன், தேங்க் யூ’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சாப்பாட்டு இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருந்த நாட்கள் நிறைய. நம் ஊரில் “சாப்டாச்சா?” என்று கேட்டால் “ஆச்சு” என்பதோடு நிறுத்துவோமா? “ஆச்சுக்கா, இன்னைக்கு மீன்குழம்பு, நீங்க?” என்போம். அதே மூன்று துண்டுதான் இங்கும்: பதில், கூட ஒரு சின்ன விஷயம், திருப்பி ஒரு கேள்வி. இது பிடிபட்ட பிறகுதான் எனக்கு இங்கே சிநேகிதிகள் கிடைத்தார்கள்.

சுண்ணாம்புக்கட்டி:

4/3/2 முறையைச் செய்து பாருங்கள். நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் பரவலாக்கியது. ஒரே கதையை ஒருவரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று நிமிடம், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புது ஆள். உங்கள் பெண்களுக்கு நான்கு நிமிடம் அதிகம், இரண்டில் தொடங்கிக் குறையுங்கள். நடுவில் திருத்தாதீர்கள்.

ஞாயிறு வகுப்பு, திருப்பூர்:

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று நோட்டை எல்லாம் மூடி வைக்கச் சொல்லிவிட்டேன். ‘போடுவேன்’ விஷயத்தைச் சொன்னதும் ஓவர்லாக் அக்கா, “அப்போ எங்க மேல தப்பில்லையா டீச்சர்?” என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு மாதமாக அவரைத் திருத்தித் திருத்தியே வாயை மூட வைத்திருக்கிறேன்.

பிறகு ஜோடி ஜோடியாக உட்கார வைத்து ‘யெஸ்டர்டே’. தண்ணீர் அக்கா ஆரம்பித்தார்: “வாட்டர் கேம் டூ ஓ கிளாக்.” எதிரில் இருந்தவர், “நைட்?” “யெஸ், நைட். ஐ ஃபில் ட்வெல்வ் குடம்.” “ஹூ ஹெல்ப்?” “நோபடி. ஹஸ்பண்ட் ஸ்லீப்பிங்.” மாடியே சிரித்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது முறை வேறொருவரிடம் சொல்லும்போது ‘ஐ ஃபில்ட்’ என்று தானாக வந்தது. குடம் குடமாகவே இருந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கைமடிப் பெண் மட்டும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால், “பெரியவங்கள ‘யூ’ன்னு கேக்க ஒரு மாதிரி இருக்கு டீச்சர், ‘நீ’ன்னு சொல்ற மாதிரி” என்றாள். எனக்கு இது தோன்றவே இல்லை. ‘நீங்கள்’ என்பதற்கும் அங்கே அதே ‘யூ’தான் என்று சொன்னேன். அரை மனதாகத் தலையாட்டினாள். கடைசியில் தண்ணீர் அக்கா பக்கம் திரும்பி, “அக்கா, டிட் யூ ஸ்லீப், அக்கா?” என்று கேட்டாள். முன்னும் பின்னும் இரண்டு அக்கா.